குடையில் நிற்கும் சிவப்பு மூடி

ஓசூர்
16.11.1988

சாந்தம்மா அவர்களுக்கு,

கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்து டீச்சர் ருக்மணி எழுதுவது. உங்களோடு வேலை செய்யும் பூவம்மாளிடம் கேட்டு உங்கள் ஊர் விலாசம் வாங்கினேன். வேப்பனப்பள்ளி என்று எழுதி உங்கள் அண்ணன் வெங்கடப்பன் பெயரைப் போட்டால் போதும், தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார் என்றாள்.

சனிக்கிழமை கேண்டீன் வாசலில் நடந்தது அப்படி நடந்திருக்கக் கூடாது. உங்கள் மகள் மாரியைப் பற்றி நான் நோட்டில் எழுதியதை வெல்ஃபேர் ஆபீஸர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். சாப்பாட்டு வரிசையில் நின்ற நாற்பது பெண்கள் காதிலும் விழும்படி வாசிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எழுதியது நான்தான். எதைப் பார்த்து எழுதினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இந்தக் கடிதம்.

காப்பக ஷெட்டில் பிள்ளைகளுக்கு ஒரு கட்ட விளையாட்டு வைத்திருக்கிறேன். அட்டைப்பெட்டியை வெட்டி நானே வரைந்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் விரிப்பேன். இருபது கட்டம், கட்டத்துக்கு ஒரு படம். கோழியில் தொடங்கி வீட்டில் முடியும். வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கிணறு இருக்கிறது, அதில் விழுந்தால் மறுபடி கோழிக்கே திரும்ப வேண்டும். ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை மூன்றைப் போட்டு, எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை கட்டம் நகர வேண்டும். பிள்ளைக்கு ஒரு சோடா மூடி, மூடிக்கு ஒரு நிறம். எண்ணிக்கை, நிறம், தன் முறை வரும்வரை காத்திருப்பது, தோற்றாலும் அழாமல் இருப்பது என்று நான்கையும் மூன்று வயதிலிருந்தே இதில் பழக்கலாம் என்று சேலத்துப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள்.

மாரியின் மூடி சிவப்பு. அவள் கோழியிலிருந்து தொடங்கவே மாட்டாள். ஒரு நாள் நேராகப் போய் மாட்டில் வைப்பாள், இன்னொரு நாள் பூசணியில். நான் எடுத்துக் கோழியில் வைத்தால், அழாமல் அதை எடுத்து மறுபடி நடுவில் வைப்பாள். அதோடு காலையில் யாருக்கும் இல்லாத பச்சை மூடியையும் எடுத்துக்கொள்வாள். கொட்டையை இரண்டு தடவை போட்டு இரண்டு மூடியையும் நகர்த்துவாள். மற்ற பிள்ளைகள் அழுகுணி ஆட்டம் என்று கத்துவார்கள். உன் மூடி எது என்று கேட்டால் இரண்டையும் காட்டுவாள். ஆகஸ்டிலிருந்து மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான், "நிறம் பிரித்தறியவில்லை, விதி புரியவில்லை, பள்ளிக்குத் தயார் இல்லை" என்று எழுதினேன். ஜூனில் கம்பெனி நடத்தப்போகும் நர்சரி வகுப்புக்குப் பன்னிரண்டு பிள்ளைகளை அந்த நோட்டைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். மந்தம் என்ற சொல் என்னுடையது இல்லை. அதை ஆபீஸர் சேர்த்துக்கொண்டார்.

சூப்பர்வைசர் உங்களுக்கு ஒரு தகவல் சொல்லச் சொன்னார். மூன்று வாரம் வரை சம்பளமில்லாத லீவாகப் போடுவார்களாம். டிசம்பர் ஐந்தாம் தேதி திங்கட்கிழமை காலைச் சங்குக்கு நீங்கள் சீட்டில் இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம். வேலை நிரந்தரமாக உங்களுக்கு ஆறு மாதம்தான் பாக்கி என்று கேள்விப்பட்டேன். என்மேல் உள்ள கோபத்தில் அதை விட்டுவிட வேண்டாம்.

ருக்மணி


வேப்பனப்பள்ளி
19.11.1988

டீச்சரம்மாவுக்கு,

நலம் என்று தொடங்கலாமா என்று யோசித்தேன். நலமாக இல்லை, அதனால் எழுதவில்லை.

ஷெட்டில் என்னைப் பார்த்தால் "சாந்தம்மா, இங்க வா" என்பீர்கள். கடிதத்தில் அவர்கள் இவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, எனக்கும் ஒரு நாள் மரியாதை வந்தது. எட்டாவது வரை படித்தவள் நான். நீங்கள் எழுதியதை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை, நானே மூன்று தடவை படித்தேன்.

அன்றைக்கு அந்த ஆள் வாசித்தபோது வரிசையில் இருந்த ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. எல்லாரும் "பாவம்" என்றார்கள். என் பிள்ளையைப் பாவம் என்று சொல்ல அவர்கள் யார்? மாரி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உங்கள்மேலும் அந்த ஆள்மேலும் வந்த கோபத்தை அவள் முதுகில் வைத்தேன். ரெண்டு அடி. அவள் அழாமல் என்னை அண்ணாந்து பார்த்தாள். தோற்றாலும் அழாமல் இருக்கப் பழக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, நன்றாகத்தான் பழக்கியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஒரு காரியம் செய்தேன். அண்ணி வீட்டில் சிவப்பு மிளகாயும் பச்சை மிளகாயும் ரெண்டு கை அள்ளிக் கலந்து முறத்தில் கொட்டி, பிரித்து வை என்றேன். ஒன்றுகூடத் தப்பாமல் பிரித்தாள். பாதி பழுத்த நாலைந்தைத் தனியாக வைத்து, "இது ரெண்டுலயும் சேராது" என்றாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நீங்கள் நினைக்கலாம், ஆனால் அண்ணியும் பக்கத்தில் இருந்து பார்த்தாள். மிளகாயைப் பிரிக்கத் தெரிந்தவளுக்கு மூடியைப் பிரிக்கத் தெரியாதா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்கள் அட்டையில்தான் என்னவோ கோணல் இருக்கிறது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

எழுதிவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. நீங்கள் சொன்னபடி மூன்று மாதமாக அவள் நடு அட்டையில் வைக்கிறாள் என்றால் ஏன் வைக்கிறாள்? வீட்டில் இப்படி எதுவும் செய்ததில்லை. கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். முதலில் உங்களை நினைத்துத் தூக்கம் வரவில்லை, இப்போது அவளை நினைத்து வரவில்லை.

இவளுடைய அப்பா எல்லப்பன் கல் லாரியில் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்தார், விஷயத்தைக் கேட்டார். கம்பெனியும் வேண்டாம், நர்சரியும் வேண்டாம், ரெண்டு பேரும் ஊரிலேயே இருங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவருக்கு என்ன, அந்த சீட்டுக்காக நான் ரெண்டரை வருஷம் விடியாமலே எழுந்து ஓடியது அவருக்குத் தெரியாது. ஆனால் பிள்ளையை மந்தம் என்று சொன்ன ஷெட்டில் மறுபடி கொண்டுபோய் விட எனக்கும் கால் வரவில்லை. பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு நான் மட்டும் வரவும் மாட்டேன். டிசம்பர் ஐந்து என்று நீங்கள் எழுதியதைக் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். எதற்கு வட்டம் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

சாந்தம்மா


ஓசூர்
22.11.1988

சாந்தம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கும் கோபம்தான் வந்தது. பத்து மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கியவளுக்கு முறத்தில் மிளகாயைக் கொட்டிப் பாடம் நடத்துகிறாளே என்று நினைத்தேன். பிறகு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அந்தப் பாதி பழுத்த மிளகாய் நினைவுக்கு வந்துவிட்டது. இரண்டிலும் சேராது என்று சொல்கிற பிள்ளைக்கு நிறம் தெரியவில்லை என்று எப்படி எழுதுவது? என் குறிப்பின் முதல் வரி தப்பு. இதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டாவது வரியை இன்னும் விட முடியவில்லை. நிறம் தெரிந்தும் இரண்டு மூடியை ஆடுகிறாள் என்றால், மற்றவர்களுடையதையும் தனதாக்கிக்கொள்கிறாள் என்று ஆகும். பயிற்சிப் புத்தகத்தில் அதற்கு வேறொரு பத்தி இருக்கிறது, அதில் எழுத வேண்டியதும் நல்ல குறிப்பு அல்ல. ஆனால் மாரி பேராசைக்காரி இல்லை. பால் ஊற்றும்போது தன் டம்ளரைத் தள்ளிவிட்டுப் பக்கத்துப் பிள்ளைக்கு முதலில் வாங்கிக் கொடுப்பாள். அப்படியானால் இது என்ன? எந்தப் பத்தியிலும் அடங்க மாட்டேன் என்கிறாள். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. பூவம்மாளின் மகன் செல்வத்தை உங்களுக்குத் தெரியும். மத்தியான ஷிஃப்ட் பிள்ளை. ஒன்றரைக்கு வருவான், இரண்டு மணிக்கு என் வேலை முடிந்துவிடும், அதற்குப் பிறகு ஆயா ஜோதியம்மாள்தான் பார்த்துக்கொள்கிறாள். அதனால் அவனை நான் அதிகம் கவனித்ததில்லை. மாரி நின்றதிலிருந்து அவன் வந்தவுடன் அலமாரியைக் காட்டி அட்டையைக் கேட்கிறான். விரித்துக் கொடுத்தால் சிவப்பு மூடியைக் குடைக் கட்டத்திலும் பச்சையைப் பூசணியிலும் வைக்கிறான். அதோடு சரி. கொட்டையைத் தொடுவதில்லை, வேறு பிள்ளைகளைத் தொட விடுவதும் இல்லை. வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். தினமும் அதே இரண்டு கட்டம்தான். நான் எடுத்துக் கோழியில் வைத்தேன், என் கையைக் கடித்துவிட்டான். ஒரு பிள்ளையோடு போகும் என்று நினைத்தது இன்னொன்றுக்கும் தொற்றிக்கொண்டதா என்று பயமாக இருக்கிறது.

நோட்டைத் திருத்த முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். பேனாவால் எழுதியதை அடிக்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி. அடியில் புதுக் குறிப்பு எழுதலாம். ஆனால் எழுத எனக்குக் காரணம் வேண்டும். எனக்கும் இங்கே மார்ச் வரைக்கும்தான் ஆர்டர், அதற்குப் பிறகு என்னை வைத்துக்கொள்வார்களா என்பது அந்த ஆபீஸர் கையில் இருக்கிறது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு உதவி செய்யுங்கள். மாரி அங்கே என்ன விளையாடுகிறாள், யாரிடம் என்ன கேட்கிறாள் என்று கவனித்து எழுதுங்கள். அடித்துக் கேட்க வேண்டாம்.

ருக்மணி


வேப்பனப்பள்ளி
25.11.1988

டீச்சரம்மாவுக்கு,

அடித்துக் கேட்க மாட்டேன். ஒரு தடவை அடித்ததற்கே கை கூசுகிறது.

கவனித்தேன். கவனித்த பிறகு எனக்கு முன்பைவிட அதிகமாகத்தான் குழம்பிவிட்டது. எங்கள் வீட்டுக்கு எதிரே பள்ளிக்கூடம் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்து ரெண்டு மணிக்கு மணி அடிப்பார்கள். அந்த மணி அடித்தால் போதும், மாரி எங்கே இருந்தாலும் எழுந்து வருவாள். "அம்மா, சங்கு ஊதிச்சி. செல்வம் எங்க வெச்சான்?" என்று கேட்பாள். எதை வைத்தான் என்று கேட்டால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பாள், இதுகூடத் தெரியாதா என்பது போல. எனக்குத் தெரியாது என்றால் அண்ணியிடம் போய்க் கேட்பாள், அண்ணனிடம் கேட்பாள், போகிற வருகிறவர்களிடம் எல்லாம் கேட்பாள். பத்து நாளாக ஒரு நாள் தவறவில்லை, நான்தான் இதுவரை காதில் வாங்கவில்லை.

முதலில் அவளுடைய கண்ணாடி வளையல் எதையாவது செல்வம் எடுத்து வைத்துக்கொண்டானோ என்று நினைத்தேன். பூவம்மாளிடம் கேட்டுப் பாருங்கள். வளையல் இல்லை என்கிறாள் இவள். பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது என்று அண்ணன் சொல்கிறான். செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு போய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்தான். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். நீங்கள் மந்தம் என்று எழுதினீர்கள் என்று சண்டைக்கு வந்தவள் நான். நானே இப்போது பிள்ளை கையில் கயிறு கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். யாருக்குத்தான் என் பிள்ளையைத் தெரியும்?

மறுநாளும் மணி அடித்தது. கயிற்றோடு வந்து அதையே கேட்டாள்.

எனக்கும் அந்தச் சங்கு காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. ரெண்டு மணி ஆனால் கை பரபரக்கும். நானும் பூவம்மாளும் ஒரே சீட்டு, அது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. முன்னால் பக்கத்துப் பக்கத்து சீட்டில் காலையில் இருந்தோம். ஆகஸ்டில் அவளை மத்தியானத்துக்கு மாற்றி, என் சீட்டையே அவளுக்கும் கொடுத்தார்கள். சங்கு ஊதும்போது என் ட்ரேயில் பாதி ஸ்விட்ச் பூட்டியபடி இருக்கும். நான் எழுந்துகொள்வேன், பதினெட்டு முடிந்தது, ஸ்பிரிங் இந்த டப்பாவில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வேன், அவள் உட்கார்ந்து பத்தொன்பதாவதை எடுப்பாள். மறுநாள் காலையில் அவள் விட்ட இடத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருப்பாள், நான் அங்கிருந்து தொடங்குவேன். உங்கள் ஷெட்டின் கம்பி ஜன்னலில் பிள்ளைகள் ரெண்டும் தொங்கிக்கொண்டு இதைப் பார்க்கும். மாரி நின்ற அன்று நான் பூவம்மாளிடம் ஒன்றும் சொல்லாமல் ட்ரேயை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஸ்பிரிங் எங்கே இருக்கிறது என்று தேடியிருப்பாள் பாவம்.

எல்லப்பன் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ஓசூர் அறையைக் காலி செய்து சாமானை ஏற்றிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாந்தம்மா


ஓசூர்
28.11.1988

சாந்தம்மாவுக்கு,

அறையைக் காலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை, இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வாருங்கள்.

உங்கள் கடிதம் இன்று பகல் ஒன்றேகாலுக்குக் கிடைத்தது. நின்றபடியே படித்தேன். படித்து முடிக்கும்போது செல்வம் வந்தான், அட்டையைக் கேட்டான், சிவப்பைக் குடையிலும் பச்சையைப் பூசணியிலும் வைத்தான், வாசலைப் பார்த்து உட்கார்ந்தான். "செல்வம் எங்க வெச்சான்?" என்ற வரி என் கையில் இருந்தது. பதில் என் கண்முன்னே பதினைந்து நாளாக இருந்திருக்கிறது.

டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஜோதியம்மாளிடம் போய்க் கேட்டேன். அவள் கையைக்கூடத் துடைக்காமல் சொன்னாள்: "அதுங்க ரெண்டும் ஷிஃப்ட்டு மாத்திக்குதுங்க டீச்சரம்மா. அம்மாக்காரிங்க மாதிரியே. ஆவஸ்ட்லருந்து இதான் நடக்குது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை தலையைக் குனிந்து நோட்டு எழுதிக்கொண்டிருப்பேன். காலைப் பிள்ளைகளும் மத்தியானப் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கிற நேரம் அது மட்டும்தான். அந்த நேரத்தில்தான் மாரி அவனிடம் சிவப்பு இங்கே, பச்சை இங்கே என்று சொல்லிவிட்டுப் போவாளாம். சாயங்காலம் அவன் அங்கிருந்தே இரண்டையும் ஆடுவானாம். மறுநாள் ஒன்றரைக்கு அவன் வந்து, எங்கே விட்டேன் என்று சொல்வானாம். அதை அவள் அடுத்த நாள் காலைவரை மனசில் வைத்திருந்து, நான் அட்டையை விரித்தவுடன் சரியாக அந்தக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். நாலரை வயசு. எனக்கு நேற்று என்ன குழம்பு வைத்தேன் என்பது நினைவில்லை.

நான் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைக் கலைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சங்கு ஊதினால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்றுதானே அவர்கள் அந்த ஜன்னலில் பார்த்திருக்கிறார்கள். விதி புரியவில்லை என்று எழுதினேன். அவளுக்கு ஒரு விதி நன்றாகப் புரிந்திருந்தது. அது என் விதி இல்லை, அவ்வளவுதான்.

இப்போதும் எனக்கு முழுத் தெளிவு வந்துவிடவில்லை. ஒருத்திக்கு ஒரு மூடி, முதலில் போகிறவன் ஜெயித்தான் என்பதைத்தான் நான் பழக்க வேண்டும். இந்த இரண்டு பேரில் யார் ஜெயிப்பது? அதைப் பற்றி அவர்கள் யோசித்தார்களா என்பதே தெரியவில்லை. அவர்களைத் திருத்துவதா, அட்டையைத் திருத்துவதா என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

நோட்டில் புதுக் குறிப்பு எழுதிவிட்டேன். "மேலே 12ஆம் தேதி எழுதியது ஆசிரியையின் தவறு. குழந்தை அல்ல, நான்தான் கவனிக்கவில்லை. மாரம்மா பள்ளிக்குத் தயார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆபீஸரிடம் கொண்டுபோனேன். உங்கள் கணிப்பு தப்பு என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்களா, யோசித்துத்தான் செய்தீர்களா என்று கேட்டார். யோசித்துத்தான் செய்தேன் என்றேன். மார்ச்சில் என்ன செய்வார் என்று தெரியாது. கேண்டீன் வரிசையிலும் இதை அவர் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். அதைக் கேட்டதும் நோட்டை மூடி மேஜைக்குள் வைத்துவிட்டார். அதனால் இன்று இரண்டு மணிக்கு நானே கேண்டீன் வாசலில் நின்று சொன்னேன். எனக்குக் குரல் வரவில்லை, பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. பூவம்மாளுக்குக் கேட்டது.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன். அதைவிட அவசரமாக ஒன்று இருக்கிறது. மாரியிடம் உடனே சொல்லுங்கள்: செல்வம் வைத்திருக்கிறான், சிவப்பு குடையில், பச்சை பூசணியில். நான் கலைக்கவில்லை. அட்டையை அலமாரி மேல் விரித்தபடியே வைத்திருக்கிறேன்.

ருக்மணி


வேப்பனப்பள்ளி
1.12.1988

டீச்சரம்மாவுக்கு,

நேற்று ஒன்றரைக்குக் கடிதம் வந்தது. படித்து முடித்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை, மணி அடிக்கட்டும் என்று இருந்தேன். மணி அடித்தது. வந்து கேட்டாள். "சிவப்பு குடையில, பச்சை பூசணியில" என்றேன். அவள் ஒரு பெரிய மூச்சு விட்டாள். சந்தையில் தலைச்சுமையை இறக்குகிறவர்கள் விடுகிற மாதிரி. பதினெட்டு நாளாக அவள் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள், நான் கயிறு கட்டியிருக்கிறேன்.

உடனே அண்ணியிடம் புளியங்கொட்டை கேட்டு வாங்கிக் கல்லில் தேய்த்தாள். அட்டை இல்லையே என்றேன். நீ கோடு போடு என்றாள். கரியால் தரையில் இருபது கட்டம் போட்டேன். கோழி, பானை, கிளி என்று தொடங்கி வீடு வரைக்கும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள், நான் ஒவ்வொன்றாக எழுதினேன். எங்கேயும் நிற்கவில்லை. கடைசியில் குடை, மாடு, கிணறு, பஸ், வீடு என்று முடித்தாள். சரிதானா என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பச்சைக்குப் போட்டாள், ஒன்று விழுந்தது. பூசணிக்கு அடுத்தது மயில், அங்கே நகர்த்தச் சொன்னாள். பிறகு சிவப்புக்குப் போட்டாள். குடையிலிருந்து நாலு கட்டம்தான் வீடு. மூன்று விழுந்தால் பஸ், அடுத்த தடவை வீட்டுக்குப் போய்விடலாம். ரெண்டு விழுந்தது. கிணறு.

நான் ஒரு காரியம் செய்தேன், சொல்லிவிடுகிறேன். யாரும் பார்க்கவில்லை, இன்னொரு தடவை போடு, மூன்று விழுந்தது என்று டீச்சருக்கு எழுதிவிடலாம் என்றேன். எத்தனை நாள் பிள்ளை காத்திருந்தது, கிணற்றில் போய் விழ வேண்டுமா என்று எனக்கு ஆத்திரம். அவள் கொட்டையை என் கையில் கொடுக்காமல் மூடிக்கொண்டாள். "செல்வத்துக்கு என்னான்னு சொல்றது? கெணறுதாம்மா" என்றாள். அழவில்லை. நான்தான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அறையை இன்னும் காலி செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது, நர்சரி வகுப்பு அப்புறம் பார்க்கலாம், மாரி செல்வத்தைத் தேடுகிறாள், எனக்கும் என் சீட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பிறகு, திங்கட்கிழமை விடியாமல் கல் லாரி ஓசூர் பக்கம்தான் போகிறது, அதிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். இந்தக் கடிதம் முந்துமோ நாங்கள் முந்துவோமோ தெரியாது.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. சில நேரம் மன்னித்த மாதிரி இருக்கிறது, அந்த வரிசை நினைவுக்கு வந்தால் இல்லை. நீங்கள் கேண்டீன் வாசலில் குரல் வராமல் நின்றதைப் பூவம்மாளும் எழுதியிருந்தாள். எனக்கும் ட்ரேயைப் பற்றி அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. ஷெட்டில் பார்க்கும்போது பழையபடி "சாந்தம்மா, இங்க வா" என்றே கூப்பிடுங்கள், அது போதும்.

பச்சையை மயிலில் வையுங்கள். சிவப்பை எடுத்துக் கோழியில் வையுங்கள். மூன்று மாதமாக நீங்கள் வைக்கச் சொன்ன இடம்தான், இப்போது அவளே போகிறாள். செல்வம் வந்ததும் மாரி சொல்லி அனுப்பினாள் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள், சாயங்காலம் அவன் ஆடட்டும்.

யாரும் பார்க்காதபோதும் கிணறு கிணறுதான் என்று சொன்னாள் இல்லையா, அதையும் அந்த நோட்டில் எழுதுங்கள். பேனாவால் எழுதுங்கள்.

சாந்தம்மா